ஆஸ்பத்திரிக்கும் 'லைன் கிளியர்' வேண்டும்

ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை அனுப்ப வேண்டுமானால், ஸ்டேஷன் மாஸ்டர் தம் இஷ்டத்துக்குச் சிக்னலைக் கொடுத்துவிட முடியாது. அடுத்த ஸ்டேஷன்காரரிடம் 'லைன் கிளியர்' கேட்க வேண்டும். பாதை காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு அவர் அனுமதி தர வேண்டும். டெலிபோன் பேச்சின் மூலம் அனுமதி தர நேரும்போது 'பிரைவேட் நம்பர்' என்று ஓர் எண்ணைச் சொல்வார். கேட்டவர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். இருவரும் இருபது வருஷச் சிநேகிதர்களாக இருக்கலாம். "நீர் சொன்னால் சரிதான் ஐயா" என்று சிநேகிதத்தின் பேரில் வண்டியை விட விதி இடம் கொடுப்பதில்லை. என்ஜினுக்குள்ளே டிரைவரும் உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். இருவருக்கும் கண் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். தெரிகிற கண்ணும் ஒருநாள் ஏமாற்றும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

இதை எழுதுகிறவன் வண்டி ஓட்டும் பிரிவைச் சேர்ந்தவன் அல்ல, ஆபீஸ் குமாஸ்தா. ஆனாலும் ரயில்வேயில் சம்பளம் வாங்குகிறவன் எவனுக்கும் ஒரு விஷயம் உள்ளே ஊறிப்போயிருக்கும். பாதுகாப்பு என்பது கெட்டிக்காரர் ஒருவரின் திறமையில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. மனிதன் தூங்குவான், மறப்பான், அவசரப்படுவான். அப்படி அவன் தவறினாலும் வண்டி தடம் புரளாதபடி முன்கூட்டியே திட்டம் போட்டு வைத்திருக்க வேண்டும்.

நம் உயிரை முழுசாக ஒப்படைக்கிற இன்னோர் இடம் ஆஸ்பத்திரி. அங்கே போனால் நம்மவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "டாக்டர் கைராசிக்காரரா?" என்பதுதான். தாராவியிலிருந்து சயான் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரும், செம்பூரிலும் முலுண்டிலும் இருபது படுக்கை நர்சிங் ஹோமுக்குப் போகிறவரும் கேட்பது அதையேதான். கைராசி இருக்கட்டும். அந்த ஆஸ்பத்திரியில் 'லைன் கிளியர்' கேட்கும் வழக்கம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

பத்தொன்பது கேள்விகள்

உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டு ஒரு சிறிய தாளை வெளியிட்டது. ஆபரேஷன் தியேட்டரில் சரிபார்க்க வேண்டிய 19 விஷயங்கள் அதில் இருக்கின்றன. மூன்று இடங்களில் எல்லோரும் ஒரு நிமிஷம் கையை நிறுத்த வேண்டும்: மயக்க மருந்து கொடுப்பதற்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளியைத் தியேட்டரை விட்டு வெளியே எடுப்பதற்கு முன். கேள்விகள் ஒன்றும் பெரிய வித்தை அல்ல. இவர் யார்? என்ன ஆபரேஷன்? இடது பக்கமா, வலது பக்கமா? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? உள்ளே வைத்த பஞ்சும் துணியும் ஊசியும் எண்ணிக்கை சரியாக வெளியே வந்துவிட்டனவா? இவற்றை வாய்விட்டுக் கேட்டு, வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். என்ஜின் டிரைவர் செய்வதேதான்.

பெரிய சர்ஜன்களுக்கு இது முதலில் பிடிக்கவில்லை. எனக்குத் தெரியாததையா நர்ஸ் கேட்பது என்கிற எண்ணம். ஆனால் டெல்லி உள்பட எட்டு நகரங்களில் எட்டு ஆஸ்பத்திரிகளில் இந்தத் தாளைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 2009 ஜனவரியில் முடிவு வெளியாயிற்று. ஆபரேஷனுக்குப் பிறகு இறந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 1.5 பேர், தாள் வந்த பிறகு 0.8. ஆபரேஷனால் வரும் மற்ற கோளாறுகள் நூற்றுக்கு 11லிருந்து 7ஆகக் குறைந்தன. புது மெஷின் எதுவும் வாங்கவில்லை. புது மருந்தும் இல்லை. கேள்வி கேட்டார்கள், அவ்வளவே.

வார்டிலும் இப்படிச் சின்னச் சின்ன ஏற்பாடுகள் உண்டு. பொட்டாசியம் குளோரைடு என்று ஒரு மருந்து. கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதன் குப்பி வேறு சாதாரணக் குப்பிகளைப் போலவே இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு, நாற்பது நோயாளிகளைப் பார்க்கும் ஒற்றை நர்ஸிடம் "ஜாக்கிரதையாக இரு" என்று சொல்லி என்ன பயன்? திட்டம் தெரிந்த ஆஸ்பத்திரிகள் அந்தக் குப்பியை வார்டு அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டு, தனியே பூட்டி வைக்கின்றன. கை நீட்டினால் எட்டாத குப்பியைத் தவறி எடுக்க முடியாதல்லவா!

கை கழுவுவதும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் தங்கி வைத்தியம் பார்க்கிற நூறு பேரில், பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், நம்மைப் போன்ற நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே ஏதாவது தொற்று ஒட்டிக்கொள்கிறது என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது. ஒரு படுக்கையிலிருந்து மறு படுக்கைக்குக் கிருமியைக் கொண்டு போவது பெரும்பாலும் கைதான். "கை கழுவுங்கள்" என்று சுவரில் போர்டு மாட்டினால் போதாது. குழாயில் தண்ணீர் வர வேண்டும், ஒவ்வொரு படுக்கைப் பக்கத்திலும் கைக்குத் தேய்க்கும் திரவம் இருக்க வேண்டும், கழுவினார்களா என்று ஒருவர் கவனித்து எழுத வேண்டும். இத்தனையும் சேர்ந்ததுதான் திட்டம். போர்டு மட்டும் என்றால் அது வெறும் அலங்காரம்.

ஒரே பெயர், இரண்டு கட்டில்

இனி நம்மவர்கள் சங்கதிக்கு வருகிறேன். ஆளை அடையாளம் காண இரண்டு சான்றாவது பார்க்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரிப் பாதுகாப்பின் அரிச்சுவடி. பெயர் ஒன்று; பிறந்த தேதி அல்லது கேஸ் பேப்பர் நம்பர் மற்றொன்று. படுக்கை நம்பரை நம்பக்கூடாது, ஏனென்றால் படுக்கை மாறும்.

இந்த ஊரில் எந்தப் பாரத்தை எடுத்தாலும் மூன்று கட்டம்: உன் பெயர், அப்பா அல்லது புருஷன் பெயர், குடும்பப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? ரேஷன் கார்டில் அப்பா பெயர் கடைசியில் நிற்கும். ஆதாரில் வெறும் இனிஷியல் இருக்கும். இ.எஸ்.ஐ. கார்டில் கம்பெனி குமாஸ்தா ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராக எழுதியிருப்பார். ஒரே மனிதன் மூன்று காகிதத்தில் மூன்று ஆள். மறுபுறம், மூன்று வேறு மனிதர்கள் ஒரே 'செல்வம்'.

மும்பையில் ஓர் ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) அண்டை வீட்டுக்காரர் ஒருவர் காய்ச்சலோடு படுத்திருந்தபோது துணைக்குப் போயிருந்தேன். அதே வார்டில் அதே பெயரில் இன்னொருவர், அவரும் தமிழர். மாலையில் நர்ஸ் ஊசியோடு வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நம்மவர் அரைத் தூக்கத்தில் கையைத் தூக்கிவிட்டார். பக்கத்தில் இருந்த அவர் மனைவிதான், "என்ன ஊசி சிஸ்டர்?" என்று கேட்டார். இன்சுலின் என்றார் நர்ஸ். "என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையே கிடையாதே சிஸ்டர்!"

நர்ஸ் உடனே நின்று, கேஸ் பேப்பர் நம்பரைப் பார்த்தார். ஊசி மூன்று கட்டில் தள்ளிப் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. அந்த நர்ஸ் மலையாளப் பெண், தமிழ் புரிந்தது. வேறு பாஷைக்காரராக இருந்து, அந்த அம்மாளும் நமக்கேன் வம்பு என்று வாயை மூடிக்கொண்டிருந்தால்?

இந்த இடத்தில் நம்மவர்களிடம் உள்ள ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பாஷை புரியாவிட்டால் எதற்கும் "ஹாங், ஹாங்" என்று தலையாட்டி விடுவோம். டாக்டர் இந்தியில் "மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாதா?" என்று கேட்பார், இவர் தலையாட்டுவார். "ஒத்துக்கொள்ளுமா?" என்று கேட்டாலும் அதே தலையாட்டல்தான். கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார், நன்றாகப் பார்க்க மாட்டார் என்ற பயம் வேறு. படித்த குமாஸ்தாக்களுக்கும் இந்தப் பயம் உண்டு. பாதுகாப்புத் திட்டம் எத்தனை நேர்த்தியாக இருந்தாலும், திருப்பிச் சொல்ல வேண்டிய ஆள் தலையை மட்டும் ஆட்டினால் லைன் கிளியர் கிடைத்ததாக எப்படிச் சொல்வது?

தீயும் விஷமும்

தனி மனிதர் கவனத்தால் மட்டும் தடுக்க முடியாத காரியங்களும் உண்டு. மகாராஷ்டிரத்தில் இருக்கும் நமக்கு இவை பழங்கதை அல்ல. 2018 டிசம்பர் 17 அன்று அந்தேரி மரோலில் இ.எஸ்.ஐ. காம்கார் ஆஸ்பத்திரியில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. தொழிலாளிகளின் ஆஸ்பத்திரி அது. 2020 டிசம்பரில், ராஜ்கோட் ஆஸ்பத்திரித் தீவிபத்துக்குப் பிறகு, கோவிட் ஆஸ்பத்திரிகளில் தீப் பாதுகாப்புத் தணிக்கை செய்ய வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. அதன்பின் ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2021 ஜனவரி 9 அதிகாலையில் பண்டாரா மாவட்ட ஆஸ்பத்திரியில் பச்சிளங் குழந்தைகள் வார்டு எரிந்து 10 சிசுக்கள் மாண்டன. அதே ஏப்ரலில் 21ஆம் தேதி நாசிக்கில் ஆக்சிஜன் டாங்கி கசிந்து, குழாயில் காற்று குறைந்து, 20க்கு மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். 23ஆம் தேதி விராரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீ. மூன்று நாள் இடைவெளியில் இரண்டு விபத்து!

வார்டில் மின்சாரச் சுமை எவ்வளவு, தீ வந்தால் நடக்க முடியாதவரை எந்த வழியே தூக்கிச் செல்வது, ஆக்சிஜன் நின்றால் பக்கத்தில் சிலிண்டர் எத்தனை நிமிஷத்துக்கு இருக்கிறது என்பதெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை காகிதத்தில் டிக் அடிக்கும் விஷயங்கள் அல்ல. ஒத்திகை பார்க்க வேண்டியவை. வார்டு பாயும் மௌசியும் வாட்ச்மேனும் அந்த ஒத்திகையில் இருக்க வேண்டும். தீ வரும்போது பக்கத்தில் நிற்கப் போகிறவர்கள் அவர்கள்தான், டீன் அல்ல.

மருந்துக்கும் ஒரு கதை உண்டு. பைகுல்லா ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 1986 ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலுமாக 14 நோயாளிகள் இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த கிளிசரின், மருந்துத் தரமானது அல்ல. டை எதிலின் கிளைக்கால் என்ற விஷம் கலந்தது. சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லும் விஷம் அது. நீதிபதி லெண்டின் கமிஷன் விசாரித்து, மருந்து வாங்குகிற வழி முழுவதிலும் இருந்த ஊழலையும் அசட்டையையும் வெளிச்சம் போட்டது. டாக்டர்கள் கொடுத்த வைத்தியம் சரிதான். நோயாளிக்கும் கடைசி வரை தெரியாது. கோளாறு ஸ்டோர் ரூமுக்கும் அதற்கு முன்னேயும் இருந்தது.

இதே விஷம் அதற்கு முன்பே, 1972இல், சென்னையில் குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. 2025இல் மத்தியப் பிரதேசம் சிந்துவாடாவில் இருமல் மருந்து குடித்து இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, குப்பியில் இருந்ததும் அதுவே. அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் ஒரே விஷம்!

அதே தமிழ்நாட்டில் இதற்கு ஒரு மாற்றும் உண்டு. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்க 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. சப்ளை ஆகிற ஒவ்வொரு தொகுதி மருந்திலிருந்தும் மாதிரி எடுத்து, வெளி ஆய்வுக்கூடத்தில் சோதித்துத் தேறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகும் என்பது அதன் ஏற்பாடு. வேறு மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்ட முறை இது. ஒரே மாநிலம்தான், ஏற்பாடு இருக்கிற இடம் ஒரு மாதிரி, இல்லாத இடம் ஒரு மாதிரி.

மார்க்கு போடுகிறார்கள்

மத்திய அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2013இல் அரசு ஆஸ்பத்திரிகளுக்கென்று தேசியத் தர உறுதி விதிகள் வந்தன. நோயாளியின் உரிமை, தொற்றுத் தடுப்பு, வைத்திய முறை என்று எட்டுத் தலைப்பில் மார்க்கு. மாவட்ட ஆஸ்பத்திரிகள் 70 சதவீதம் எடுத்தால் சான்றிதழ். 2015இல் 'காயகல்ப்' திட்டம் சுத்தத்துக்குப் பரிசு கொடுக்க ஆரம்பித்தது. 2017இல் பிரசவ அறைகளுக்கென்று 'லக்ஷ்யா' வந்தது. தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு என்.ஏ.பி.எச். சான்று, சின்ன நர்சிங் ஹோம்களும் முதல் படி ஏறுவதற்கு அதில் எளிய தரம் ஒன்று உண்டு. 2018இல் நோயாளிப் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசியத் திட்டம் வெளியாயிற்று. 2025 வரை என்று காலம் குறித்து, ஆறு குறிக்கோள்கள் வைத்து, தவறுகளைப் பதிவு செய்யும் முறை, தொற்றுத் தடுப்பு, ஊழியர் பயிற்சி எல்லாவற்றையும் அதில் எழுதியிருந்தார்கள்.

சான்றிதழுக்குப் பரிசோதகர் வரும் வாரம் வெள்ளையடிப்பதும், போன மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி ஆவதும் எந்த இலாகாவுக்கும் புதிதல்ல. ஜெனரல் மானேஜர் இன்ஸ்பெக்ஷனுக்குப் பிளாட்பாரத்தில் பூந்தொட்டி முளைப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் மார்க்கு என்று ஒன்று இருப்பது நல்லது. போன வருஷம் என்ன, இந்த வருஷம் என்ன என்று கேட்க முடிகிறதே.

திட்டத்தில் இன்னும் பலவீனமாக இருப்பது வேறொன்று: தவறு நடந்த பிறகு என்ன செய்வது என்பது. ரயில் விபத்து நடந்தால் ரயில்வே தானே தன்னை விசாரித்துக்கொண்டு முடித்துவிட முடியாது. ரயில்வே பாதுகாப்புக் கமிஷனர் வருவார். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். 1941லிருந்தே இந்தப் பிரிவினை. ஓட்டுகிறவனும் விசாரிக்கிறவனும் ஒருவனாக இருக்கக்கூடாது என்பதே காரணம். 2023 ஜூன் 2 அன்று பாலசோரில் 290க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, முன்னர் சிக்னல் இணைப்பை மாற்றியதில் நேர்ந்த கோளாறு வரை அந்த விசாரணை போயிற்று. ரயில்வே உத்தமமானது என்று நான் வாதாட வரவில்லை. விசாரிக்க ஓர் ஆள் வெளியே இருக்கிறார், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு அப்படி ஒரு தனிக் கமிஷனர் நம் நாட்டில் கிடையாது. தவறு நடந்தால் இரண்டே வழி. ஒன்று, மூடி மறைப்பது. இல்லாவிட்டால் உறவினர்கள் டாக்டரை அடிப்பது, போலீஸ், கோர்ட்டு. அடிக்குப் பயந்த இடத்தில் யார் உண்மையை எழுதுவார்கள்? ஊசி மாறப் போய்த் தப்பியதே, அது அந்த வார்டின் எந்த நோட்டிலாவது எழுதப்பட்டிருக்குமா? எழுதியிருந்தால் 'ஒரே பெயருடையவர்களை ஒரே வார்டில் போட்டால் கட்டிலில் சிவப்பு அட்டை கட்டு' என்று அடுத்த நாளே ஒரு விதி பிறந்திருக்கும்.

கேரளத்தில் ஒரு வழி கண்டார்கள். 2004லிருந்து அங்கே பிரசவ டாக்டர்களின் சங்கம், தாய்மார் மரணங்களை ரகசியமாக ஆராய்கிறது. நோயாளி பெயர், டாக்டர் பெயர், ஆஸ்பத்திரி பெயர் மூன்றையும் நீக்கிவிட்டு, என்ன நடந்தது, எங்கே பிந்தியது என்று மட்டும் பார்க்கிறார்கள். ரத்தப்போக்கே பெரிய எமன் என்று அதில் தெரிந்தது. அதைச் சமாளிக்கும் முறையை எழுதி, பிரசவ அறைகளில் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவரைத் தண்டிக்க அல்ல, அடுத்தவரைக் காப்பாற்ற நடக்கும் விசாரணை இது. மகாராஷ்டிரத்து ஆஸ்பத்திரிகளில் தீக்கும் ஊசிக்கும் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவோ தெரிய வரும்.

நம் கையில் உள்ளது

மேலே சொன்னவை சர்க்கார் செய்ய வேண்டியவை. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற நாம் செய்யக்கூடியவையும் சில உண்டு. அட்மிஷன் சமயத்தில் ஆதாரில் உள்ள பெயரையே, எழுத்து மாறாமல், கேஸ் பேப்பரில் எழுதச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. கார்டில் வேறு விதமாக இருந்தால் வேலையில் இருக்கும்போதே திருத்தி வையுங்கள். காய்ச்சலோடு போய்த் திருத்த முடியாது. கையில் பட்டை கட்டினால் அதைப் படித்துப் பாருங்கள், படிக்கத் தெரியாதவர் பக்கத்துக் கட்டில்காரரைப் படிக்கச் சொல்லுங்கள். ஊசியோ மாத்திரையோ வந்தால், பெயரை அவர்கள் சொல்லி நீங்கள் தலையாட்டுவதைவிட, நீங்களே வாயால் பெயரைச் சொல்வது மேல். ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள்.

மருந்து சாப்பிட்டு உடம்புக்கு விபரீதம் ஏதும் வந்தால் டாக்டரிடம் சொல்வதோடு, 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் தெரிவிக்கலாம். நோயாளியே பேசலாம், டாக்டர்தான் பேச வேண்டும் என்பதில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும்போது பில் கட்டிய ரசீதை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு மற்றதை விட்டுவிட்டு வருகிறோம். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வைத்தியக் குறிப்புகளின் நகல் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போன இடத்தில் உடம்பு மறுபடி படுத்தினால், திருநெல்வேலி டாக்டருக்கு இங்கே என்ன மருந்து கொடுத்தார்கள் என்பது அந்தக் காகிதத்தைப் பார்த்தால்தான் தெரியும்.